இணைக்கப்பட்ட ஊர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

கழிப்பறையில் இன்றும் தண்ணீர் வரவில்லை. இது மூன்றாவது வாரம். பக்கத்துக் கூட்டுறவு வங்கியில் அசடு வழியச் சிரித்து, அனுமதி கேட்டுப் போய்வர வேண்டியிருக்கிறது. ஊர் ஊராக இணையம் கொடுக்கப் போகிற அலுவலகம் இது. ஒரு குழாயில் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

நான் இந்த மலையடிவார மாவட்டத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கும் அரசுத் திட்டத்தில் உதவிப் பொறியாளர். கணவரும் மகளும் திருச்சியில். அவள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. திருச்சிக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் செயற்பொறியாளர் சபாநாயகம் சாரின் மேசையில் கிடக்கிறது. அதன்மேல்தான் தினமும் டீ டம்ளரை வைக்கிறார். போய் நிற்கும்போதெல்லாம் இன்னொரு வட்டக் கறை கூடியிருக்கும்.

மெஸ்ஸில் இரவு உப்புமா. வாயில் வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆய்வுக் கூட்டம். பத்து மணி என்று சொல்லி ஒன்றரைக்கு ஆரம்பித்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு முந்திரி, எங்களுக்கு நமுத்துப்போன பிஸ்கட்.

மலைமேல் இருக்கிற முப்பத்தோரு ஊர்களுக்கும் கேபிள் ஏன் போகவில்லை என்பது இன்றுதான் எனக்குப் புரிந்தது. திட்ட அறிக்கை தயாரித்த ஆலோசனை நிறுவனம், கணினியில் வரைபடத்தைத் திறந்து அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் நேர்கோடு போட்டு அளந்திருக்கிறது. நடுவில் மலை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, பாதை பத்து இடத்தில் வளைகிறது என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குத் தெரியாது. ஒன்பது கிலோமீட்டர் என்று எழுதிய ஊருக்குப் பாதை வழியாகப் போனால் இருபத்தாறு. ஒதுக்கியது ஒன்பதுக்கான பணம். அந்தப் பணத்துக்கு உரிய கேபிளை ஒப்பந்தக்காரர் மலைப்பாதையின் மூன்றாவது வளைவு வரை இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் ஒருவர்கூட இந்த மலையை நேரில் பார்த்ததில்லை.

மத்திய அரசின் மூன்றாம் தவணை வர வேண்டுமானால், மார்ச் முடிவதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறு ஊர்கள் 'இணைக்கப்பட்டது' என்று இணையதளத்தில் ஏற வேண்டுமாம். எங்கள் மாவட்டத்தில் மொத்தம் நூற்றேழு ஊராட்சிகள். நாங்கள் எழுபத்தொரு சதவீதத்தில் நிற்கிறோம்.

கேபிளே இல்லாமல் மலை ஊர்களை எப்படி இணைப்பது என்று எழுந்து கேட்டேன். "அதுக்குத்தானம்மா நீங்க இருக்கீங்க" என்றார் சபாநாயகம் சார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த முந்திரிக்காரரும் சிரித்தார்.

பிப்ரவரி 26, புதன்

நெல்லிமடுவுக்குப் போய்வந்தேன். கூட்டத்தில் கேட்ட ஊரைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான். ஜீப்பில் இரண்டு மணி நேரம், கடைசி மூன்று கிலோமீட்டர் நடை.

நூற்றைம்பது வீடுகள். சாமைக் காடு, பலா மரங்கள். ஊராட்சித் துணைத் தலைவர் தீர்த்தகிரிக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் கைப்பேசி வைத்திருக்கிறார், மணி பார்ப்பதற்கு மட்டும். சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே இருக்கிற வழுக்குப் பாறையில் ஏற வேண்டும். அங்கே ஒரு மூலையில் நின்றால் இரண்டு கோடு வருமாம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதுக்கொல்லைக்கு அதுவும் கிடையாது.

ரேஷன் கடையில் விரல் வைக்கிற இயந்திரத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். இணைப்பு இல்லாத ஊர் என்பதால் விலக்கு இருக்கிறது, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டுவிடுகிறார்கள் என்றார். தீர்த்தகிரியின் தங்கை சடச்சி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பியவள். கையால் ஊன்றி நகர்ந்துதான் கடைக்கு வருகிறாள். கடை வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் யாரையும் நம்பி இருக்கத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னாள். தன் பெயரை எழுதத் தெரியும் என்று என் நோட்டிலும் எழுதிக் காட்டினாள்.

சாமைச் சோறும் கீரையும் போட்டார்கள். ஐந்து மாதத்தில் வயிறார நான் சாப்பிட்டது இன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

இணையதளத்தில் ஓர் ஊரை ஏற்றுவதற்கு இரண்டு விஷயம் போதும். பச்சை விளக்கு எரிகிற இணைப்புப் பெட்டியின் புகைப்படம், எடுத்த இடம் பதிவானதாக. பிறகு உதவிப் பொறியாளர் கையெழுத்திட்ட சான்று. கேபிள் வந்ததா என்று அந்தத் தளம் எங்கேயும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஜெரால்டு ஒரே ஒரு பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி ஜீப்பில் வைத்திருக்கிறார். கூடவே ஒரு பேட்டரி. சுவரில் ஆணி அடிப்பது, பெட்டியை மாட்டுவது, பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுப்பது, விளக்கு எரிந்ததும் படம் எடுப்பது, கழற்றுவது, அடுத்த ஊர். போன வருடம் இன்னொரு மாவட்டத்தில் இப்படித்தான் முடித்தார்களாம். ஏதோ பூச்சி மருந்து அடிக்கிற வேலையை விளக்குவது மாதிரி நிதானமாகச் சொன்னார்.

தவணை வந்தால்தான் உண்மையான கேபிள் வாங்கவே முடியும், இது ஊருக்கு நல்லதுதான் என்றார் சபாநாயகம் சார். சொல்லிவிட்டு என் விண்ணப்பத்தின் மேலிருந்த டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார். 

 

மார்ச் 12, புதன்

நெல்லிமடுவு.

ஊரே கூடிவிட்டது. ஊராட்சி அலுவலகச் சுவருக்குத் தீர்த்தகிரி முந்தின நாளே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். ஜெரால்டு ஆணியை அடித்துப் பெட்டியை மாட்டினார். பேட்டரியை மேசைக்கு அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ பெட்டிக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். படத்தில் விழக்கூடாது என்று ஜெரால்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு கைக்குட்டையால் துடைத்தார். பயனாளி ஒருவர் படத்தில் இருந்தால் நல்லது என்று சடச்சியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, கட்டை விரலை உயர்த்திச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரித்தாள். படத்தை எடுத்தது நான், என் கைப்பேசியில்.

கழற்றும்போது ஏன் என்று கேட்டார்கள். இது சோதனைப் பெட்டி, பத்து நாளில் நல்ல பெட்டி வரும் என்று ஜெரால்டு வாய் கூசாமல் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சான்றை ஜீப் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கையெழுத்து. பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகும் விரல்கள் பிசுபிசுவென்று இருந்தன. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

களப்பணி. நான்கு ஊர். நல்ல வெயில்.

மார்ச் 14, வெள்ளி

களப்பணி. ஐந்து ஊர். ஜெரால்டு வழி முழுக்க வெற்றிலை போட்டு ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் இருந்த என் துப்பட்டாவில் தெறித்தது. மனிதன்தானா இவன்?

மார்ச் 19, புதன்

ஆறு ஊர். முதுகுவலி. மகளோடு பேசினேன், இயற்பியல் நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

மார்ச் 20, வியாழன்

நான்கு ஊர்.

மார்ச் 24, திங்கள்

மூன்று ஊர். இதோடு விட்டது தொல்லை.

மார்ச் 28, வெள்ளி

தொண்ணூற்றிரண்டு சதவீதம். அலுவலகத்தில் லட்டு. சபாநாயகம் சார் ஒவ்வொரு மேசைக்கும் தானே போய்க் கொடுத்தார். அந்தக் கையால் காதைக் குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன், அதனால் காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். இந்நேரம் எறும்பு மொய்த்திருக்கும்.

என் மாற்றல் விண்ணப்பம் பரிந்துரையோடு மேலே போய்விட்டது.

ஏப்ரல் 9, புதன்

தவணை வந்துவிட்டது. அதோடு இரண்டாம் கட்டத் திட்டத்தின் வரைவும் வந்தது. மலைப்பகுதிகளுக்கு முன்னுரிமை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த முறை பாதை வழியாகவே அளந்திருக்கிறார்கள், ஆச்சரியம். நெல்லிமடுவைத் தேடினேன். இல்லை. முதல் கட்டத்தில் இணைக்கப்பட்ட ஊர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் நிதி கிடையாது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அடுத்த ஆய்வு ஐந்து வருடம் கழித்து.

ஆக, கேபிள் போகாத ஊர் என்பதால் பொய்யாக இணைத்தோம். பொய்யாக இணைத்ததால் இனிமேல் கேபிள் போகாது. இதை யோசித்து வடிவமைத்தார்களா, தானாக இப்படி அமைந்ததா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

வந்த பணத்தில் என்ன வாங்குகிறார்கள் என்று சபாநாயகம் சாரிடம் கேட்டேன். பணம் ஒப்பந்தக்காரருக்குப் போகும், முடிந்த வேலைக்கு என்றார்.

நெல்லிமடுவில் நான் செய்தது தப்புதான். ஆனால் நான் இவர்களைப் போல இல்லை. எனக்கு அது உறுத்தவாவது செய்கிறது.

மே 5, திங்கள்

ஒரு மனு என் மேசைக்கு வந்தது. கோடு போட்ட தாளில், நீல மையில். அப்படியே எழுதி வைக்கிறேன்.

'மதிப்பிற்குரிய இன்டர்நெட் அம்மா அவர்களுக்கு நெல்லிமடுவு பொதுமக்கள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் மாட்டிய பெட்டியை எங்கள் மீது வருத்தப்பட்டுத் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டீர்கள். பெட்டிக்குக் குங்குமம் வைத்தது எங்கள் தவறு. அது கரண்ட் சாமான் என்று தெரியாமல் செய்துவிட்டோம். இனி யாரும் தொட மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். ஊரில் இன்டர்நெட் வந்துவிட்டது என்று லிஸ்டில் இருப்பதால் ரேஷனில் நோட்டை நிறுத்திவிட்டார்கள். விரல் வைத்தால்தான் அரிசி. மெஷினை எடுத்துக்கொண்டு எல்லோரும் பாறைக்கு ஏறுகிறோம். வயதானவர்களும் முடியாதவர்களும் சிரமப்படுவதால் பெட்டியைத் திரும்ப மாட்டித் தர வேண்டுகிறோம்.'

கீழே நூற்றுக்கு மேற்பட்ட கைநாட்டுகள், சில கையெழுத்துகள். அதில் ஒன்று சடச்சி.

மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம்.

மே 8, வியாழன்

மாதத்தின் இரண்டாவது வியாழன் அரிசி போடுகிற நாள் என்று விசாரித்து, யாரிடமும் சொல்லாமல், விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

ஊரில் யாரும் இல்லை. எல்லோரும் பாறையில் இருந்தார்கள். கடை விற்பனையாளர் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கோடு வருகிற மூலையில் குடைபிடித்து உட்கார்ந்திருந்தார். வரிசை பாறையின் சரிவில் நின்றது. ஒவ்வொருவரும் வேட்டியிலோ புடவையிலோ விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். காட்டு வேலை செய்து தேய்ந்த விரல்கள். இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று தடவை, நான்கு தடவை. ஒருவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

தீர்த்தகிரி சடச்சியை முதுகில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார். பாதி வழியில் கால் வழுக்கி இருவரும் சரிந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்துவிட்டது. அப்படியே மேலே கொண்டுபோய் விரலை வைத்தார்கள். இரத்தத்தைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார் விற்பனையாளர்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பொட்டி கொண்டாந்துட்டீங்களா மேடம்?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன். பரவாயில்லை, நீங்கள் இவ்வளவு தூரம் ஏறி வந்ததே பெரிது என்றாள். எனக்கு மோர் கொடுக்கச் சொல்லி அண்ணனை அனுப்பினாள். உரிந்த கையை வாயால் ஊதிக்கொண்டே அந்தப் படம் நன்றாக வந்ததா என்று கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன். அது உண்மை. இணையதளத்தின் முகப்பில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

 

மே 12, திங்கள்

கடிதம் எழுதிக்கொண்டு போனேன். நெல்லிமடுவுக்கு நான் கொடுத்த சான்று உண்மையல்ல, ஊரை இணைக்கப்பட்ட பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், ரேஷன் விலக்கைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சபாநாயகம் சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து, ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்தார். மெதுவாக, ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டே. நெல்லிமடுவு. புதுக்கொல்லை. ஆனைக்கல். சேம்பரை. மேல்வலசு. இருபத்துமூன்று தாள்கள். மேசை நிறைந்துவிட்டது.

எல்லாவற்றிலும் என் கையெழுத்து. நல்ல கையெழுத்துதான். எதிலும் அவசரம் தெரியவில்லை.

"ஒரு ஊர்னா தவறும்மா. இருபத்துமூணுன்னா குற்றம். எதை எழுதணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்றார்.

ஒன்று என்றால் தானே பரிந்துரைத்து அனுப்புகிறேன், பெயர்க் குழப்பத்தில் தவறாக ஏறிவிட்டது என்று எழுதினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார். தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் ஓர் ஊர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. மற்றதையும் எழுதுவதானால் அவருக்கும் ஆட்சேபணை இல்லை, விசாரணை வரும், மாற்றல் நிற்கும், வேலையும் போகும், அவர் வேலையும் சேர்ந்து போகும். இதையெல்லாம் வீட்டுப் பெரியவர் மாதிரி அக்கறையாகச் சொன்னார். எனக்கும் டீ வரவழைத்தார்.

புதுக்கொல்லை எந்தத் தேதியில் போனேன் என்று நாட்குறிப்பைப் புரட்டினேன். எழுதி வைக்கவில்லை.

மே 13, செவ்வாய்

கடிதத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஒரே பக்கம்தான்.

ஜூன் 3, செவ்வாய்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பதினாறாம் தேதி இங்கிருந்து விடுவிப்பு. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர்.

ஜூன் 16, திங்கள்

இன்று கடைசி நாள். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது தீர்த்தகிரி வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். மூன்று கிலோமீட்டர் நடந்து, பிறகு பேருந்து பிடித்து, ஏழு மணி நேரமாக அதைச் சுமந்து வந்திருக்கிறார். சட்டை முழுக்கப் பிசின்.

பன்னிரண்டாம் தேதி அரிசி போட்டார்களாம். நோட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சடச்சி பழையபடி தானே கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாளாம். எல்லாம் நீங்கள் ஏறி வந்து பார்த்ததனால்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். மரத்திலேயே முதல் பழத்தை உங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாளாம்.

சபாநாயகம் சார் தன் அறை வாசலில் நின்று, அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தீர்த்தகிரி கொஞ்சம் தயங்கினார். பிறகு மெல்லக் கேட்டார். "மேடம், புதுக்கொல்லை ஆளுங்க இப்ப பள்ளம் தாண்டி நம்ம பாறைக்கு ஏறி வர்றாங்க. ஒரு நாள் வேலை போயிருது. போன வாரம் ஒரு பெரியவரு விழுந்து இடுப்பு போச்சு. எங்களுக்கு நீங்க இருந்தீங்க. அவங்க ஊருக்கு எந்த மேடம்னு சொன்னீங்கன்னா, போய்ப் பாக்கச் சொல்லுவோம்."

அவர் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை.

தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். என் திருச்சி எண்ணை வாங்கிக்கொண்டார். பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.